புளித்த பாலும் துயருற்ற மனமும்

இலண்டன் மாநகரில் 1247-ஆம் ஆண்டு ஒரு துறவற இல்லம் நிறுவப்பட்டது. பெத்லகேம் புனித மரியாளின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெத்லகேம் என்னும் எபிரேயச் சொல்லுக்கு ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருளென நம் வாசகர்கள் அறிவர். ஏழைகளுக்கும் வழிப்போக்கர்க்கும் புகலிடமாய் இருந்த அவ்வில்லத்தில், 1403-ஆம் ஆண்டளவில் சித்தம் கலங்கிய சிலரும் தங்கியிருந்தனர் எனப் பதிவேடுகள் கூறுகின்றன. பின்னர் அது முழுவதும் மனநோயாளர்க்கான மருத்துவமனையாகவே மாறியது. மக்கள் நாவில் பெத்லகேம் ‘பெத்லெம்’ ஆயிற்று. ‘பெட்லம்’ என்றும் திரிந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நகரத்தார் பொழுதுபோக்காக அங்கே சென்று நோயாளர்களை வேடிக்கை பார்த்தனர். ஆங்கிலத்தில் இன்றும் ‘பெட்லம்’ என்றால் கூச்சலும் குழப்பமும் என்று பொருள். நம் ஆண்டவர் பிறந்த ஊரின் பெயர் இப்படியும் சீரழிய முடியுமா என்று, முதன்முதலில் இதனைப் படித்தபோது எனக்கு மனம் வலித்தது.

அம்மருத்துவமனையில் 1910-ஆம் ஆண்டு ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ் என்னும் மருத்துவர், கடும் மனச்சோர்வுற்ற நோயாளர்களுக்குப் புளித்த பாலைக் குடிக்கக் கொடுத்தார். அந்தப் பால் அங்கே எவ்வாறு வந்தது, பிறகு அதன் கதை எங்கெங்கு போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் பங்கில் கணவரை இழந்த தாய் ஒருவர் உண்டு. அடக்கச் சடங்கு முடிந்த சில வாரங்களில் உணவு குறைந்தது, உறக்கம் அற்றது, பேச்சும் நின்றது. “சாமி, நெஞ்சுக்குள்ள கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு” என்று முதலில் என்னிடம்தான் வந்தார். ஜெபமாலை சொல்லுங்கள், நாள்தோறும் திருப்பலிக்கு வாருங்கள், எல்லாம் சரியாகும் என்றேன். சொன்னது தவறன்று, அதோடு நிறுத்திக்கொண்டது தவறு. ஆறு மாதம் கழிந்தபின் உறவினர் ஒருவர்தாம் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மாத்திரைகளால் ஓரளவு தேறினார். அப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், விலையுயர்ந்த ஒரு நொதிப்புத் தூளை அனுப்பிவைத்தார். குடலைச் சீராக்கினால் மனம் தானே சீராகும், மாத்திரை தேவையில்லை என்று யாரோ அவரிடம் கூறியிருந்தனர். தாயார் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தூளைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கினார். மூன்றாம் வாரம் மீண்டும் கட்டிலோடு கட்டிலானார். “இதுல ஏதாவது உண்மை இருக்கா சாமி?” என்று மகன் தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

விடை தேடியவன் முதலில் சென்று சேர்ந்தது ஒரு நாத்திகரிடம். இலியா மெச்னிகோவ் 1845-இல், இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தவர். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த மேதை. கூடவே, எளிதில் உடைந்துபோகும் உள்ளமும் அவருக்கு வாய்த்திருந்தது. 1869-இல் அவர் மணந்த லுத்மிளா காசநோயாளி. திருமணத்தன்று நடக்கவும் மாட்டாத நிலையில் இருந்த மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துக் கோவிலுக்குத் தூக்கிச் சென்றனர். அவளைக் காக்க மெச்னிகோவ் நாடு நாடாக அலைந்தார். நான்காம் ஆண்டு, 1873-இல், மதேரா தீவில் அவள் இறந்தாள். அடக்கத்திற்குச் செல்லவும் அவரிடம் வலுவில்லை. திரும்பும் வழியில், ஜெனீவாவில், மிகுதியான மார்பினை விழுங்கினார். அளவு மிகுந்ததால் வாந்தியெடுத்துப் பிழைத்தார்.

அதன்பின் நிகழ்ந்ததை அவருடைய இரண்டாம் மனைவி ஓல்கா பிற்காலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிந்துள்ளார். இன்னும் சாகும் நினைவோடு ரோன் ஆற்றுப் பாலத்தின்மீது மெச்னிகோவ் நின்றிருந்தார். அங்கிருந்த விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒருநாள்கூட வாழாத, உணவே உண்ணாத ஈசல் போன்ற பூச்சிகள் அவை என எண்ணிக்கொண்டார். இத்துணைக் குறுகிய வாழ்வுடைய உயிர்க்குப் பரிணாமக் கொள்கை எவ்வாறு பொருந்தும் என்ற வினா அவருள் எழுந்தது. வினா எழுந்ததும் சாவின் நினைவு விலகியது. உண்மையில் அவை அவர் நினைத்த பூச்சிகளே அல்ல, வேறொரு வகை. தவறான ஓர் ஊகம் ஒரு மனிதனைப் பிழைக்க வைத்தது.

1875-இல் ஓல்காவை மணந்தார். சில ஆண்டுகளில் ஓல்காவுக்குக் கொடிய டைபாய்டு கண்டது. வேலையிலும் நாட்டிலும் நெருக்கடிகள் சூழ்ந்திருந்த காலம் அது. மெச்னிகோவ் மீட்சுரக் காய்ச்சலின் கிருமிகள் கலந்த இரத்தத்தைத் தமக்குத் தாமே ஊசியால் ஏற்றிக்கொண்டார். அந்நோய் இரத்தத்தால் பரவுமா எனச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், வாழ்வை முடித்துக்கொள்ளும் நோக்கமும் அதில் இருந்தது. அதிலும் தப்பினார். 1882-இல் இத்தாலியின் மெசீனாவில், நட்சத்திர மீன் என்னும் கடலுயிரியின் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் காலை அம்முள்ளை உயிரணுக்கள் சூழ்ந்து நிற்பதைக் கண்டார். நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் நம் உடலில் உண்டு என்னும் கண்டுபிடிப்பு அதிலிருந்து பிறந்தது. 1888-இல் பாரிசிலிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1908-இல் பவுல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இளமையில் வாழ்வே வீண் எனக் கருதிய இவர், முதுமையில் நம்பிக்கையின் தூதுவரானார். நம்முடைய பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நஞ்சை ஈன்று இரத்தத்தில் கலக்கின்றன, அந்நஞ்சே நம்மை விரைந்து மூப்படையச் செய்கிறது என்பது அவர் கொள்கை. புளித்த பால் அழுகுவதில்லை. காரணம் அதிலுள்ள லாக்டிக் அமிலம். இந்த அமிலத்தை ஈனும் நுண்ணுயிர்களைக் குடலில் குடியேற்றினால் அழுகல் நிற்குமன்றோ? பல்கேரியாவின் உழவர்கள் தயிருண்டு நெடுங்காலம் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். ஸ்டாமென் கிரிகோரவ் என்னும் பல்கேரிய மாணவர் 1905-இல் ஜெனீவாவில் அத்தயிரின் நுண்ணுயிரைப் பிரித்தறிந்திருந்தார். மெச்னிகோவ் தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 1907-இல் வெளிவந்த தம் நூலுக்கு ‘நன்னம்பிக்கைக் கட்டுரைகள்’ என்று பொருள்படும் பெயரிட்டார். நிறைவாழ்வு வாழ்ந்தவனுக்குச் சாவு, உழைத்துக் களைத்தவனுக்கு உறக்கம் வருவதுபோல் அச்சமின்றி வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மறுவாழ்வில் அவருக்கு நம்பிக்கையில்லை. நம் நம்பிக்கையை அவர் பரிவோடு நோக்கியவரும் அல்லர். ஆயினும் இருமுறை சாவின் விளிம்பு வரை சென்ற ஒருவர் தயிர்ச்சட்டியில் நம்பிக்கையைத் தேடினார் என்பதை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

பாரிசிலும் இலண்டனிலும் நியூயார்க்கிலும் புளித்த பாலும், அதன் நுண்ணுயிரை உலர்த்திச் செய்த மாத்திரைகளும் மருந்துக் கடைகளில் குவிந்தன. மெச்னிகோவ் கூறியதற்கும் விளம்பரங்கள் கூறியதற்கும் இடையே தொலைவு கூடிக்கொண்டே போயிற்று. இந்த அலையில்தான் பெத்லகேம் மருத்துவமனைக்கும் பால் வந்து சேர்ந்தது.

பிலிப்ஸ் கண்களைத் திறந்துவைத்திருந்த மருத்துவர் என்றே சொல்ல வேண்டும். தம்மிடமிருந்த மனச்சோர்வு நோயாளர்களுக்கு மலச்சிக்கல் இருந்தது, நகங்கள் உடைந்தன, முடி பொலிவிழந்தது, முகம் வெளிறியது என்பதைக் கவனித்தார். துயரம் உடலைக் கெடுத்தது என்று பிறர் கூற, உடலின் கேடே துயரத்தை விளைத்திருக்கலாமே என்று இவர் எண்ணினார். மீன் தவிர்த்த மற்ற இறைச்சிகளை விலக்கி, லாக்டிக் நுண்ணுயிர் கொண்ட புளித்த பாலைக் கொடுத்தார். பதினெட்டு நோயாளர்களில் 11 பேர் முற்றும் நலமடைந்தனர், இருவர் பெரிதும் தேறினர் என 1910-இல் எழுதினார். கேட்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலருந்தாத வேறு பதினெண்மரை அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மனச்சோர்வு பலருக்குக் காலப்போக்கில் தானே தணிவதும் உண்டு. நல்ல உணவும், நாள்தோறும் கிண்ணத்தோடு வந்து நலம் கேட்கும் ஒரு மனிதரின் பரிவுமே சிலரைத் தேற்றியிருக்கலாம். பால் செய்தது எது, பரிவு செய்தது எது என்று அந்தப் பதினெட்டுப் பேரைக் கொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

பால் கொடுத்ததோடு நின்றிருந்தால் கேடு இல்லை. குடலிலிருந்து நஞ்சு ஏறி மூளையைக் கெடுக்கிறது என்பது உண்மையானால், நஞ்சின் ஊற்றையே வெட்டியெறியலாமே என்று சிலர் துணிந்தனர். இலண்டனில் ஆர்பத்னாட் லேன் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கலுக்காகவே பெருங்குடலை அகற்றினார். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள டிரெண்டன் மனநல மருத்துவமனைக்கு 1907 முதல் தலைவராயிருந்த ஹென்றி காட்டன் இன்னும் அப்பால் சென்றார். உடலில் எங்கோ மறைந்திருக்கும் கிருமித் தொற்றே எல்லாப் பித்துக்கும் காரணம் என்று நம்பி, நோயாளர்களின் பற்களைப் பிடுங்கினார். தொண்டைச் சதையை நீக்கினார். அதுவும் போதாதபோது பெருங்குடலை அறுத்தெடுத்தார். நூற்றுக்கு 85 பேர் குணமாகின்றனர் என்று முழங்கினார். குடல் அறுவைக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்ததை அவரே ஒப்புக்கொண்டார். பிலிஸ் கிரீனேக்கர் என்னும் பெண் மருத்துவர் நோயாளர்களை ஒவ்வொருவராய்த் தேடிச் சென்று விசாரித்து, 1926-இல் அறிக்கை அளித்தார். குணமானதாகச் சொல்லப்பட்டோர் குணமாகவில்லை என்பது அதில் தெளிவாயிற்று. அவ்வறிக்கை வெளியிடப்படவில்லை. காட்டன் வஞ்சகர் அல்லர். தம் சொந்தப் புதல்வர்களின் பற்களையும் பிடுங்கியவர். தம் கருத்தை அவ்வளவு உறுதியாக நம்பியதுதான் அங்கே நடந்த கொடுமை.

இதனைப் படித்த இரவில் நம் மரபில் வந்த ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவிலா நகர்ப் புனித தெரேசா 1573-இல் எழுதத் தொடங்கிய ‘நிறுவல்கள்’ என்னும் நூலின் ஏழாம் அதிகாரம், மடத்தில் மனச்சோர்வுற்ற கன்னியர்களை எவ்வாறு நடத்துவது என்பதைப் பற்றியது. அதில் கண்டிப்பான பகுதிகளும் உண்டு; இன்று அவற்றை நாம் அப்படியே ஏற்க மாட்டோம். ஆனால் அவர்களுக்கு அடிக்கடி மீன் கொடுக்க வேண்டாம், மற்றவர்களைப் போல் இடைவிடாத நோன்பும் வேண்டாம், நீண்ட நேரம் தனிமையில் தியானிக்க விட வேண்டாம், ஏதேனும் வேலையில் ஈடுபடுத்துங்கள் என்கிறார். ஜெபத்தின் பேராசிரியை, துயருற்றவர்க்கு ஜெப நேரத்தைக் குறைக்கச் சொல்கிறார்! பெத்லகேமில் பிலிப்ஸ் மீனை மட்டும் அனுமதித்தார். தெரேசாவோ மீனைத்தான் குறைக்கச் சொன்னார் என்பது வேடிக்கை. உணவு மாறினால் மனம் மாறக்கூடும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர். குருமடத்தில் காசியானுடைய நூலைப் படித்தபோது, நண்பகலில் துறவியைத் தாக்கும் சோர்வை ஒரு பேய் என அவர் வர்ணிப்பதை மனப்பாடம் செய்தோம். அதே நூலில் பசியோடும் உணவு வேளையோடும் அச்சோர்வு பிணைந்திருப்பது சொல்லப்பட்டிருப்பதை அன்று எங்களுக்கு யாரும் சுட்டிக்காட்டவில்லை, நானும் கவனிக்கவில்லை.

காட்டனுக்குப் பின் குடலுக்கும் மனத்துக்கும் தொடர்பு உண்டு என்று பேசுவதே மருத்துவ உலகில் நகைப்புக்குரியதாயிற்று. புளித்த பால் மட்டும் சத்தமின்றித் தொடர்ந்தது. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் வளர்த்தெடுத்த ஒரு லாக்டிக் நுண்ணுயிர், 1935-இல் ஃபுக்குவோக்கா நகரில் ‘யாக்குல்ட்’ என்னும் பெயரில் சிறு புட்டிகளில் விற்பனைக்கு வந்தது. வயிற்று நலத்திற்காகவே அது விற்கப்பட்டது. மனத்தைப் பற்றிய பேச்சில்லை.

பேச்சு மீண்டும் எழுந்ததும் அதே ஃபுக்குவோக்காவில்தான். அங்குள்ள கியூஷூ பல்கலைக்கழகத்தில் நொபுயுக்கி சூடோவும் அவர்தம் குழுவினரும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடலில் ஒரு நுண்ணுயிரும் இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளை அசைய முடியாமல் அடைத்துவைத்தபோது, அவற்றின் உடலில் இறுக்க நேரத்துச் சுரப்பு, மற்ற எலிகளைவிட மிக அதிகமாய்ப் பொங்கியது. நன்மை செய்யும் ஒரு நுண்ணுயிரைக் குடலில் சேர்த்ததும் அது தணிந்தது. அதுவும் இளம் பருவத்திலேயே சேர்த்தால்தான்.

இது எவ்வாறு இயலும்? நொதித்தல் என்பது நுண்ணுயிர் ஒன்றைத் தின்று வேறொன்றை விடுவது. பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது. அதனால் பால் தயிராகிறது. சில லாக்டிக் நுண்ணுயிர்கள் குளுட்டாமிக் அமிலத்தைக் ‘காபா’ என்னும் பொருளாக மாற்றுகின்றன. இதே காபா நம் மூளையில் நரம்புகளின் பதற்றத்தை அடக்கும் பொருள் என்பது 1950-க்குப்பின் தெரியவந்தது. தூக்கத்திற்கும் பதற்றத்திற்கும் தரப்படும் பல மாத்திரைகள் இதன் செயலையே வலுப்படுத்துகின்றன. அப்படியானால் காபா மிகுந்த புளித்த உணவை உண்டாலே போதுமே என்று தோன்றும். விளம்பரக்காரர்களுக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே இறைவன் ஒரு காவல் அமைத்திருக்கிறார். வாயால் உண்ட காபா அக்காவலைக் கடந்து எளிதில் உட்புகுவதில்லை. மனமகிழ்வோடு தொடர்புடையதாகப் பேசப்படும் செரட்டோனினும் அப்படித்தான். உடலிலுள்ளதில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்கு குடலில் இருக்கிறது என்பது உண்மை. அது மூளைக்குள் செல்லாது என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் தூள் விற்போர் சொல்கின்றனர்.

பொருளாகச் செல்லாவிட்டாலும் செய்தியாகச் செல்லலாம் அல்லவா? வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் என்னும் நீண்ட நரம்பு உண்டு. அதன் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டு செல்பவை. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள், லாக்டிக் நுண்ணுயிர் ஒன்றை ஊட்டிய எலிகள் அச்சமும் சோர்வும் குறைந்து காணப்பட்டதாக 2011-இல் அறிவித்தனர். அவற்றின் மூளையில் காபாவை ஏற்கும் அமைப்புகளும் மாறியிருந்தன. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளில் இம்மாற்றம் எதுவும் நிகழவில்லை. உலகெங்கும் இச்செய்தி பரவியது. அதே கார்க் குழுவினர் அந்த நுண்ணுயிரை 29 நலமுள்ள ஆடவர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். போலி மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. 2017-இல் அத்தோல்வியை மறைக்காமல், மொழிபெயர்ப்பில் தொலைந்துபோனதா என்று கேட்கும் தலைப்போடு அவர்களே அச்சிட்டனர். தம் பெயரை உயர்த்திய கண்டுபிடிப்பைத் தாமே மனிதரிடம் சோதித்து, பலிக்கவில்லை என்று ஊரறியச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். டிரெண்டனில் இல்லாதது அதுவே.

நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு அமிலங்கள் பிறக்கின்றன. ஐந்தாம் மார்ட்டின் திருத்தந்தை 1425-இல் நிறுவ ஒப்புதல் அளித்த லூவெய்ன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மரபில் வரும் ஆய்வாளர்கள், இவ்வமிலங்களைப் பெருங்குடலில் சென்று கரையும் உறைகளில் இட்டு 66 நலமுள்ள ஆடவர்க்கு ஒரு வாரம் கொடுத்தனர். பிறர் முன்னிலையில் அவர்களை நெருக்கடிக்கு உட்படுத்தியபோது, கார்டிசால் என்னும் இறுக்கச் சுரப்பு, போலி உறை உண்டோரைவிட இவர்களிடம் குறைவாகவே எழுந்தது. இது 2020-இல் வெளியான ஆய்வு. நொதித்தலில் விளையும் பொருள் மனிதரின் இறுக்க எதிர்வினையைத் தொடக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் சோதிக்கப்பட்டோர் நோயாளர் அல்லர் என்பதை மறக்கலாகாது. நியூசிலாந்தில் சோர்வு மனநிலையுடைய 79 பேருக்கு இருவகை நுண்ணுயிர்களைக் கொடுத்துப் பார்த்ததில் பயன் தெரியவில்லை என 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது.

கடைசியாகப் படித்தது இலண்டன் ஆய்வு. பெத்லகேம் மருத்துவமனை 1948-இல் மோட்ஸ்லி மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. மோட்ஸ்லியோடு சேர்ந்து வளர்ந்த மனநோயியல் கழகம் இன்று கிங்ஸ் கல்லூரியின் ஒரு பகுதி. பிலிப்ஸ் கிண்ணத்தில் பால் கொடுத்து நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 2023-இல், அக்கழகத்தார் மனச்சோர்வு நோயாளர் 49 பேரிடம் நடத்திய சோதனையை வெளியிட்டனர். பாதிப்பேருக்கு 14 வகை நுண்ணுயிர்கள் கொண்ட மாத்திரை, மற்றவர்க்குப் போலி மாத்திரை, எட்டு வாரம். நுண்ணுயிர் பெற்றோரிடம் சோர்வும் பதற்றமும் கூடுதலாகத் தணிந்தன. ஆய்வு சிறிது, பெரிய ஆய்வு தேவை என்று அவர்களே எழுதியுள்ளனர்.

என் கண் நின்ற இடம் வேறு. அந்த 49 பேரும் மனச்சோர்வு மாத்திரைகளை உண்டுகொண்டிருந்தவர்கள். மாத்திரையால் முழுப்பயன் பெறாதவர்கள். நுண்ணுயிர் கொடுக்கப்பட்டது மாத்திரையோடு சேர்த்து. மாத்திரைக்கு மாற்றாக அன்று.

மெச்னிகோவ் 1916 ஜூலையில் தம் 71-ஆம் வயதில் இதயநோயால் இறந்தார். ஐரோப்பாவே ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த அந்நாள்களில் அவருடைய நன்னம்பிக்கை பெரிதும் தளர்ந்திருந்தது. தம் உடலை அறுத்துப் பார்க்கும்போது குடலைக் கவனித்துப் பாருங்கள் என்று நண்பரிடம் சொல்லிச் சென்றாராம். அவர் சாம்பல் அடங்கிய கலயம் பாஸ்டர் நிறுவனத்து நூலகத்தில் இருக்கிறது. ஆண்டவர் அவருக்கும் இளைப்பாறுதல் அளிப்பாராக என்று மன்றாடினேன். அவர் விரும்பியிருக்க மாட்டார்.

மறுநாள் மகனுக்குத் தொலைபேசியில், பெத்லகேமின் பெயரைச் சொல்லாமல், அந்த 49 பேரின் கதையை மட்டும் சொன்னேன். “தூளை நிறுத்தணுமா சாமி?” என்றார். “அதை டாக்டரிடம் கேளுங்கள் தம்பி. மாத்திரையை நிறுத்தியதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்” என்றேன். அந்த வாரமே அத்தாயாரோடு நானும் மருத்துவமனைக்குச் சென்றேன். எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. காத்திருக்கும் இருக்கையில் அவர் பேசவில்லை. ஜெபமாலையை விரல்களில் சுற்றியவாறு இருந்தார். மருத்துவர் மாத்திரையை மீண்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, தூள் செலவை மிச்சப்படுத்துங்கள், வீட்டில் உறை ஊற்றிய மோர் குடியுங்கள் என்றார். “மோர்தானே டாக்டர், அவர் இருந்தவரைக்கும் தினமும் நான்தான் கடைஞ்சு கொடுப்பேன்” என்றார் அந்தத் தாய். பல வாரங்களுக்குப் பின் நான் அவர் வாயிலிருந்து கேட்ட முழு வாக்கியம் அது.